தரம் பிரித்த மாத்திரைகள்

மாத்திரை சாப்பிட்டீர்களா என்று யாரைக் கேட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள். நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, மிச்சமாக நின்ற அறிவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது.

இப்போது வீடு வீடாகப் போகிற நர்சுப் பெண்கள் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுக்கிறார்கள். காலை, மதியம், இரவு என்று அறை அறையாக இருக்கிறது. கூடவே கைபேசியில் மணியும் அடிக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி போன மாதம் வீட்டுக்கு வந்து, "அக்கா, முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு மாத்திரை பழக்குன உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. பயிற்சியில வாசிக்கணும்" என்றாள். காபி குடித்து முடித்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "கொஞ்சம் சீரியசா எழுதுங்கக்கா" என்று சேர்த்துக்கொண்டாள். என்னைப் பற்றி யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முயற்சி செய்கிறேன். உத்தரவாதம் கிடையாது.

மதுரையில் படித்தது, முதல் ஊசி போட்டபோது நோயாளிக்கு முன்னால் நான் அலறியது, வார்டு வார்டாகச் சுற்றியது, இதையெல்லாம் சொன்னால் தாள் பத்தாது. நடுவயதில் என்னைத் தூக்கி ஒரு வேனில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கிற வேலை. நம் பள்ளத்தாக்கில் ஆட்கள் விழுவதற்குப் பஞ்சமே இல்லை. போடிப் பக்கம் இலவ மரத்திலிருந்து விழுவார்கள், கம்பத்தில் தென்னையிலிருந்து விழுவார்கள், மேகமலைப் பாதையில் ஜீப்போடு விழுவார்கள். இது எதுவும் வாய்க்காதவர்களுக்குக் கிணறு இருக்கிறது.

முதுகுத்தண்டில் அடிபட்டால் நடை போய்விடும், அவ்வளவுதான் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நடை போவது வெளியே தெரிகிற பங்கு. உள்ளே ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் போய்விடும். கால் தானாக விறைத்துத் துள்ளும், அதற்கு ஒரு மாத்திரை. மூத்திரப்பை நினைத்த நேரத்தில் சுருங்கும், அதற்கு ஒன்று. கிள்ளினாலும் தெரியாத காலில் எரிச்சல் மட்டும் நன்றாகத் தெரியும், அதற்கு ஒரு கேப்சூல். குடல் மொத்தமாக வேலைநிறுத்தம் செய்யும், அதற்கு ஒரு பாட்டில் மருந்து. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வேறு. இவை ஒற்றுமையாக இருந்தாலும் பரவாயில்லை. மூத்திரப்பைக்குக் கொடுக்கிற மாத்திரை வாயை உலர்த்தி, மலத்தையும் இறுக்கிவிடும். துள்ளலுக்குக் கொடுக்கிற மாத்திரை ஆளையே தூங்க வைக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். நான்கு மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்கு மாமியாராக இருந்தவர் எங்கள் டாக்டர் சகாயமேரி. கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். நெடுநெடுவென்று உயரம். எந்த வீட்டுக்குப் போனாலும் போட்ட நாற்காலியில் உட்கார மாட்டார், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்காருவார். அந்த உயரத்துக்கு அப்போதுதான் கண் நேராக வரும். பையிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து விரிப்பார். "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் இதுல கொண்டாந்து கொட்டுங்க" என்பார். எல்லாம் என்றால் எல்லாம். தலைவலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, நாட்டு மருந்து, காலாவதியானது. ஒரு வீட்டில் ஆட்டுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தும் வந்து விழுந்தது. யாருக்கு என்று கேட்டோம். ஆட்டுக்குத்தான் என்றார்கள். சொன்ன வேகம்தான் சரியில்லை.

எல்லாம் வந்த பிறகு, "இன்னைக்குக் காலையில எதைச் சாப்பிட்டீங்க, கையால எடுத்துக் காட்டுங்க" என்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவே மாட்டார். பெயர் கேட்க மாட்டார், கலர் கேட்க மாட்டார். எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவில்தான் உண்மை வெளியே வரும். அவருடைய மூன்றாவது விதி, யாரையும் திட்டக் கூடாது. முதல் இரண்டையும் நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன்.

டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "அப்படியா" என்ற ஒரு சொல்லை வைத்து மூன்று விதமாகக் குடித்தனம் நடத்தினார். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். சிரித்துச் சொன்னால் நம்பிவிட்டார். மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் சொன்னார் என்றால் நான் வேன் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற கேஸ்.

வருசநாட்டில் ஒரு வீட்டில் குடலுக்கான பாட்டில் மருந்து வாரம் தவறாமல் தீர்ந்துபோனது. நோயாளிக்கோ வயிறு கல் மாதிரி இருந்தது. அந்த மருந்து பாகு மாதிரி இனிக்கும். டாக்டர் துண்டை விரித்து, சும்மா உட்கார்ந்திருக்க, கடைசியில் நோயாளியின் மாமனார் வாயைத் திறந்தார். தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கிறதாம். "ரெண்டு மாசமா வயித்தால போகுது, எதுனாலன்னே தெரியல டாக்டரம்மா" என்று அவரே கேட்டும் வைத்தார்.

மேகமலை எஸ்டேட் லைன் வீட்டில் இன்னொருவர். மாத்திரை நேரத்தைச் சங்கு ஊதும்போது என்று பழக்கியிருந்தேன். வேலைக்குப் போக ஒரு சங்கு, சாப்பாட்டுக்கு ஒரு சங்கு, வேலை முடிய ஒரு சங்கு. கடிகாரம் பார்க்கத் தெரியாத வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எது என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பார்த்தால் அந்த மனுசனுக்குத் திங்கட்கிழமை தவறாமல் கால் துள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு, சங்கு ஊதாது. சங்குக்கு லீவு என்றால் மாத்திரைக்கும் லீவு. "நீங்கதான சங்கு ஊதுனா போடச் சொன்னீக" என்றாள் அவர் மனைவி. அவள் மேல் என்ன தப்பு?

இப்போது காசிமாயன் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் சீரியசாக எழுதச் சொன்னது இந்தக் கேஸைத்தான் என்று நினைக்கிறேன்.

காசிமாயன் வடுகபட்டிப் பூண்டு மண்டி ஒன்றில் ஏலம் கூறுகிறவர். லாரியில் அடுக்கிய பூண்டு மூட்டை மேல் நின்றவர், மூட்டை சரிந்து கீழே விழுந்தார். மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. கைக்கும் வாய்க்கும் பழுதில்லை. "வாய்க்கு ஆயிருந்தா தெருவுல நாலு பேரு நிம்மதியா தூங்கியிருப்பாக" என்று அவர் மனைவி பேச்சியம்மாளே சொல்வாள். அவள் அதே மண்டியில் பூண்டு தரம் பிரிக்கிறவள். பெரிய பூண்டு முதல் ரகம், அடுத்தது நடு ரகம், சின்னது பொடி. முறத்தில் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் மூன்றும் மூன்று பக்கம் போய் உட்காரும். அந்தக் கை வேகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன்.

காசிமாயன் வீட்டோடு கிடந்த காலத்தில் மண்டியில் முதலாளியின் மச்சினன் ஏலம் கூறினான். அவன் குரல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. வியாபாரிகள் பக்கத்து மண்டிக்கு நழுவ ஆரம்பித்தார்கள். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வருகிற பெரிய சந்தைக்குக் காசிமாயன் வந்து கூறட்டும், ஒழுங்காக நடந்தால் வேலை அவருக்கே, இல்லாவிட்டால் மச்சினன்தான் நிரந்தரம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் செய்தி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். காசிமாயன் எப்போதும் நையாண்டி பேசுகிற ஆள். அன்றைக்கு நையாண்டி இல்லை. "நர்சம்மா, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுற சாமானா கெடக்கேன். அங்கன போயி நான் ஒரு சத்தம் குடுத்தா நாலு பேரு வெல கேட்டு விரலைத் தூக்கணும். அது போதும் எனக்கு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, படுக்கையைச் சரியாக விரிக்கவில்லை என்று பேச்சியம்மாளைத் திட்டினேன்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டிலேயே ஒத்திகை ஆரம்பித்தார். ஏலம் கூறப் பூண்டு இல்லை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் ஏலம் விட்டார். மின்விசிறி, தண்ணீர்க் குடம், எதிர் வீட்டுச் சேவல். தெருவே வாசலில் கூடி விரலைத் தூக்கியது. ஒருநாள் பேச்சியம்மாளின் கிரைண்டரை மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார். எடுத்தவர் எதிர் வீட்டுக்காரர். சாயங்காலம் இரண்டு ஆளோடு வந்து கிரைண்டரைத் தூக்கப் போனார். "ஏலம்னா ஏலந்தானப்பா" என்று அவர் நிற்க, பேச்சியம்மாள் துடைப்பத்தை எடுக்க, பெரிய ரகளை.

ஆனால் ஒத்திகையில் ஒரு சிக்கல் தெரிந்தது. "ஒரு தரம்" நன்றாக வரும். "ரெண்டு தரம்" என்னும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது தரம் வெறும் காற்றுதான். மூத்திரப்பை மாத்திரை வாயை உலர்த்துகிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. எங்களிடம் சொல்லவில்லை. ஒத்திகை பார்க்கிற நாளெல்லாம் அந்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார். குரல் கணீரென்று வந்தது. படுக்கையும் நனைந்தது. சாப்பிட்டீர்களா என்று நான் அவசரத்தில் கேட்டுத் தொலைத்தேன். "சாப்பிட்டேன் நர்சம்மா" என்றார்.

இது போதாதென்று, முதலாளி வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். நம் பக்கத்தில் வேலைக்குக் கூப்பிடுவதானால் முறையாகத் தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். சக்கர நாற்காலியில் சட்டை போட்டு, விபூதி பூசி, காசிமாயன் தயாராக உட்கார்ந்திருக்கிறார். முதலாளி குனிந்து தட்டை நீட்டுகிறார். காசிமாயனின் வலது கால் விறைத்து, மேலே எகிறி, தட்டை ஒரே உதை. வெற்றிலை முதலாளி தலையில், பாக்கு சட்டைப் பைக்குள், சுண்ணாம்பு மூக்கில்.

முதலாளி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்ல மாயா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

பேச்சியம்மாளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "நர்சம்மா, இவுக காலு முதலாளியை உதைச்சுப்புடுச்சு. காலா, இவுகளான்னு ஊரே கேக்குது. ராத்திரியெல்லாம் ரெண்டு காலும் கட்டில்ல தவுல் வாசிக்குது. ஒடம்பு வேற சுடுது."

காய்ச்சல் என்றதும் எனக்குச் சிரிப்பு நின்றது. டாக்டரோடு வேனில் போனேன். அவர் காய்ச்சல் பார்த்தார், நாடி பார்த்தார், மூத்திரத்தைப் பார்த்தார், துண்டை விரித்தார். பேச்சியம்மாள் உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்து வந்து பெருமையாக முன்னால் வைத்தாள்.

முறம் நிறைய மாத்திரை. ஒன்றுக்குக்கூட அட்டை இல்லை. அத்தனையையும் அட்டையிலிருந்து உரித்துவிட்டாள். உரித்து, தட்டி, பிரித்திருந்தாள். ஒரு ஓரத்தில் பெரிய சுண்ணாம்பு மாத்திரையும் எரிச்சல் கேப்சூலும். நடுவில் மூத்திரப்பை மாத்திரை, வைட்டமின், எப்போதோ கொடுத்த கிருமி மருந்து. கடைசி ஓரத்தில் ஒரு சின்னக் குவியல்.

"என்னத்தா இது?" என்றேன்.

"அட்டையோட வச்சா எடத்தை அடைக்குது நர்சம்மா. தொலியோட சரக்கு வைக்கிறது எனக்குப் பிடிக்காது. உரிச்சுத் தரம் பிரிச்சுப்புட்டேன். இது முதல் ரகம், காலையில குடுக்கேன். இது நடு ரகம், ராத்திரிக்கு."

"இந்தச் சின்னது?"

"அது பொடி. பொடியப் போயி மனுசனுக்குக் குடுப்பாகளா? ஒதுக்கி வச்சிருக்கேன்."

அந்தப் பொடிதான் காலின் துள்ளலை அடக்குகிற மாத்திரை. வெள்ளையாக, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இருக்கும். அத்தனை மருந்திலும் திடீரென்று நிறுத்தவே கூடாதது அது ஒன்றுதான். நிறுத்தினால் துள்ளலோடு போகாது, காய்ச்சல் ஏறும், வலிப்பு வரும், ஆளே போய்விடலாம். அதைத்தான் அவள் சின்னதாக இருக்கிறது என்று கேவலப்படுத்தி ஒதுக்கியிருக்கிறாள்.

டாக்டர் அந்தக் குவியலை விரலால் தொட்டார். "அப்படியா" என்றார், மெதுவாக, மூச்சோடு சேர்த்து. நான் எழுந்து போய் வேன் கதவைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பக்கத்திலேயே இருந்து பார்த்து, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, காய்ச்சல் இறங்கி, கால் அடங்கியது. அதுவரை காசிமாயன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். "சந்தைக்கு முன்னாடி அனுப்பிருவீகளா?" பிழைப்போமா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முறத்து மாத்திரைகளைத் தூக்கிப்போட வேண்டும் என்றேன். பேச்சியம்மாள் முறத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நல்ல சரக்கை யாராவது கொட்டுவார்களா என்று ஒரே சண்டை. எது எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியும், பிரித்துத் தருகிறேன் என்கிறாள். நான் பெயர், தேதி, அட்டை என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஏறவில்லை. மூன்றாவது விதியை நான் மீறிக்கொண்டிருந்ததால் டாக்டர் என் முழங்கையைத் தொட்டார். பிறகு அவளிடம் கேட்டார்.

"மண்டிக்கு ரெண்டு பேரோட பூண்டு வந்தா சேத்துக் கொட்டுவீங்களா?"

பேச்சியம்மாள் நெஞ்சில் கையை வைத்தாள். "ஆத்தாடி. பூண்டு வெளையவச்ச ஒரு சம்சாரி சரக்குல இன்னொரு சம்சாரி சரக்கைக் கலக்கலாமா? பேரு எழுதுன சீட்டு இல்லாம மூட்டையவே தொட மாட்டோம் டாக்டரம்மா. கலந்தா அன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கிருவாக."

"இந்த அட்டைதான் சீட்டு. ஒவ்வொரு அட்டையும் ஒரு சம்சாரி."

அவள் முறத்தைப் பார்த்தாள். முகம் செத்துப்போய்விட்டது. "அம்புட்டுப் பேரு சரக்கையும் கலந்துபுட்டேனே" என்றாள். அவளே எழுந்து போய் முறத்தை எங்கள் பையில் கவிழ்த்தாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சின்னச் சாக்குப் பை தொங்கியது. மாத்திரை வாயில் போகிற நிமிடம்தான் அட்டையிலிருந்து உரியும். எங்கள் வேன் போகிற வீடுகளில் அப்படி ஒரு சுத்தத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

மூத்திரப்பை மாத்திரை விஷயமும் தலையணைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. டாக்டர் திட்டவில்லை. வாயை அவ்வளவாக உலர்த்தாத வேறு மாத்திரைக்கு மாற்றினார். இனி எதையாவது நிறுத்தத் தோன்றினால் நிறுத்துவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். அதோடு ஒரு கண்டிப்பு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் வைத்து மூத்திரம் எடுத்தே ஆக வேண்டும். அடி பட்ட இடம் மார்பு உயரத்தில் இருப்பதால், மூத்திரப்பை நிறைந்தால் அவருக்கு முட்டுவது தெரியாது. அதற்குப் பதிலாக ரத்த அழுத்தம் ஏறும். மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், வேர்க்கும். விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும்.

முதலாளியைச் சமாதானப்படுத்த நான் மண்டிக்குப் போனேன். கால் தானாகத்தான் உதைத்தது என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "தூங்குறப்பவும் உதைக்குமா?" என்றார். உதைக்கும் என்றேன். "அப்ப பேச்சியம்மாதான் பாவம்" என்று சொல்லி, சந்தைக்கு வரச் சொல்லிவிட்டார். தான் மட்டும் காலுக்கு நேராக நிற்கப் போவதில்லை என்றார்.

மிச்சம் ஒரு முடிச்சு இருந்தது. அந்த மண்டியில் ஏலம் காலையில் ஆரம்பித்தால் சரக்குத் தீரும்வரை நிற்காது. நிறுத்தினால் வியாபாரிகள் பக்கத்து மண்டிக்கு நடந்துவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். நடுவில் நிறுத்த வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். காசிமாயன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அம்புட்டு வியாபாரி நடுவுல, மூத்திரம் எடுக்கணும்னு எப்படிச் சொல்ல? நானே எப்படியாச்சும் நேரத்துக்கு நிறுத்திருதேன்" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

சந்தை அன்று வேனை வடுகபட்டி வழியாக விடச் சொல்லி, வியாபாரிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். மூட்டைகளுக்கு நடுவில் பலகை போட்டு அதன்மேல் சக்கர நாற்காலி. காசிமாயன் வாயைத் திறந்தார். பூண்டு வாடையையும் தாண்டி அந்தக் குரல் போய் எதிர்ச் சுவரில் மோதியது. விரல்கள் எழுந்தன. ஒவ்வொரு வியாபாரியையும் பெயர் சொல்லி, சம்பந்தி முறை சொல்லி, நக்கல் அடித்து விலையை ஏற்றினார். "வீரபாண்டி மாமா, விரலைத் தூக்கிட்டு மூக்கைச் சொரியுறீகளே, எதுக்குத் தூக்குனீக?" மண்டியே சிரித்தது. பக்கத்து மண்டியிலிருந்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பேச்சியம்மாள் தரம் பிரிக்கிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முறம் நின்றே போயிருந்தது.

டியூப் வைக்கிற நேரம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஒரு குவியல் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டே கூறுகிறார். நிறுத்துங்கள் என்று கையைத் தூக்கி ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நர்சம்மா கேக்குறாக" என்று விலையை ஏற்றினார்.

நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். இன்னும் ஏற்றினார். வியாபாரிகள் திரும்பி, யாருடா இந்தப் பொம்பளை, என்ன விலைக்கு எடுக்கிறாள் என்று மிரண்டு போய் விரலை இறக்கினார்கள். "நர்சம்மா ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." ஒரு குவியல் முதல் ரகப் பூண்டு என் தலையில் கட்டியாயிற்று.

நான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். "என்னண்ணே பண்றீக?"

"பாதி ஏலத்துல நிறுத்துனா மண்டிக்கு ஆகாது நர்சம்மா. யாரு தலையிலயாச்சும் கட்டுனாத்தான நிறுத்த முடியும்" என்றார். பல் கிட்டியிருந்தது. "மண்டை பொளக்குது. தள்ளுங்க."

மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினோம். பேச்சியம்மாள் சாக்கை விரித்து மறைப்புப் பிடித்தாள். நான் இடுப்புப் பட்டையைத் தளர்த்தினேன். டியூப் வைத்ததும் பை நிறைய வந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, பழைய கறுப்புக்குத் திரும்பியது. வேனிலிருந்த கருவியைக் கொண்டு வந்து அழுத்தம் பார்த்தேன், இறங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். பூண்டு காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியே முதலாளி குரல் கேட்டது. "எங்கய்யா போனான்? ஏலம் நின்னு கெடக்கு, வியாபாரியெல்லாம் நிக்கிறாக."

காசிமாயன் என்னைப் பார்த்தார், பேச்சியம்மாளைப் பார்த்தார். அவளே சாக்கை விலக்கிவிட்டாள். நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பலகைக்கு வந்தார். ஏலம் கூறுகிற அதே குரலில், தெரு முனைவரை கேட்கிற மாதிரி, சொன்னார்.

"மூத்திரம் எடுக்கப் போனேன் முதலாளி. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எடுக்காட்டி செத்துருவேன். அடுத்த சந்தைக்கும் எடுப்பேன், அதுக்கடுத்த சந்தைக்கும் எடுப்பேன். இது ஒத்துவரும்னா நான் ஏலம் கூறுதேன். ஒத்துவராதுன்னா உங்க மச்சினனைக் கூப்பிடுங்க."

முதலாளி வியாபாரிகள் முகத்தைப் பார்த்தார். அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. பேச்சியம்மாள் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

வீரபாண்டி மாமாதான் வாயைத் திறந்தார். சர்க்கரை வியாதிக்காரர், வயதானவர். "ஏலே மாயா," என்றார் தயங்கிக்கொண்டே, "இப்ப ஏலம் நின்னுதான கெடக்கு?"

"நின்னுதான் கெடக்கு மாமா."

"அப்ப நானும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன். எத்தனை வருசமா அடக்கிக்கிட்டு விரலைத் தூக்குறேன்னு எனக்குத்தான்டா தெரியும்."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டியின் பின்பக்கம் நடந்தார். பின்னாலேயே இன்னொருவர். அப்புறம் நான்கு பேர். பிறகு யாரும் யாரையும் பார்க்காமல் மொத்த மண்டியும் நகர்ந்தது. அங்கே இருப்பதோ ஒரே ஒரு கக்கூஸ். வரிசை எடைக்கல்லைத் தாண்டி, லாரியைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தது. பக்கத்து மண்டிக்காரர்கள் ஓடி வந்து, என்ன சரக்கு வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டார்கள். முதலாளி கொஞ்ச நேரம் கௌரவமாகத் தனியாக நின்று பார்த்தார். பிறகு அவரும் போய் நின்றார்.

மண்டிக்குள் காசிமாயன் ஒருவர்தான் பாக்கி. பலகை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வரிசையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"சட்டுப்புட்டுன்னு வாங்கய்யா. எம்புட்டு நேரம் நான் ஒருத்தன் காத்துக் கெடக்கது?"